ஆறப் பொறுத்தல்

லாண்ட்குவார்ட்டில், தண்டவாளத்துக்கு அப்பால்
மணிக்கு முப்பத்திரண்டு பிராங்குக்கு
வண்டி தூக்கும் லிஃப்ட் வாடகைக்குக் கிடைக்கும்.
நாலாம் இலக்கம். காலை எட்டேகால்.
என் பிக்கப் தலைக்குமேல் நிற்கிறது,
வயிறெல்லாம் உப்புத் துரு.

போன ஆவணியில்
ஒரு முழு மணவறையை இழுத்துக்கொண்டு
சான் பெர்னார்டினோ ஏறினேன்.
ரெஜிபோம் தூண்கள் எட்டு, யானைத் தலை இரண்டு,
சிவப்பு வெல்வெட்டில் சிம்மாசனம் இரண்டு.
நுஃபெனன் தாண்டினதும்
கருகின பாண் மாதிரி மணத்தது கியர்பெட்டி.
மஞ்சள் பல்சக்கரம் ஒன்று
முகப்பில் கண் சிமிட்டிற்று.

முகூர்த்தம் பன்னிரண்டோடு சரி.
பெலின்சோனா மண்டபத்தில் இருநூற்றெண்பது பேர்.
பெண்ணின் மாமா ஏழு தரம் எடுத்தார்.
ஏழாம் தரம் சொன்னேன்:
"ஆக்கப் பொறுத்தனீங்கள்,
ஆறப் பொறுக்கக் கூடாதோ அண்ணை?"
வைத்துவிட்டார்.
பசுக்கள் பார்த்திருக்க டிரெய்லரைத் திறந்து
மாப்பிள்ளைச் சிம்மாசனத்தை வீதியோரம் இறக்கி
அதில் உட்கார்ந்திருந்தேன், இழுவை வண்டி வரும்வரை.
மற்றதில் உட்கார மனம் வரவில்லை.

புதுக் கியர்பெட்டி மூவாயிரத்து நானூறு.
அதைக் காப்பாற்ற இந்தக் கூலர்:
இரண்டு சாண் அகலம், விரல் தடிப்பு,
அலுமினியத் தகடு அடுக்கடுக்காய்.
வழிகாட்டித் தாள் ஐந்து மொழியில்,
ஒன்றும் என்னுடையதல்ல.
ரேடியேற்றருக்கு முன்னால்,
காற்று முதலில் தொடும் இடத்தில்
இரும்புப் பட்டை வளைத்து, துளைத்து, பூட்டினேன்.
பத்தரை ஆயிற்று.

இனி ஒரு குழாயை வெட்ட வேண்டும்.
பெட்டியிலிருந்து வருவன இரண்டு.
ஒரே தடிப்பு, ஒரே அழுக்கு.
ஒன்று சூட்டைக் கொண்டுபோவது,
மற்றது ஆறித் திரும்புவது.
குழாய்வெட்டியை வைத்தேன்.

"அன்ரி, அது போற குழாய்."

நீல மேலங்கி. நெற்றியில் விளக்கு.
மார்பில் தைத்த பெயர்: யதுர்ஷா.
எனக்கு முகம் பிடிபடவில்லை.
அவளுக்கு வண்டிக் கதவில் என் கடைப் பெயர் பிடிபட்டது.

"நீங்கள் வராத கலியாணம் என்ரதுதான்."

லிஃப்டுக்குக் கீழே
ஒளிய இடமில்லை.

எஞ்சினை இரண்டு நிமிடம் ஓடவிட்டாள்.
"இப்ப தொட்டுப் பாருங்கோ."
இடது சுட்டது. வலதில் பால் சூடு.
வலதை வெட்டினேன்.
புது எண்ணெய், கூறைச்சேலைச் சிவப்பு,
முழங்கைவரை இறங்கி ஓடிற்று.

"நிண்டபடிதான் தாலி கட்டினவர்.
பின்னால வெறும் சுவர்.
எல்லாப் படத்திலயும் எங்கட தலைக்கு நடுவில
அந்த அவசர வாசல் பச்சை ஆள் ஓடுறான்."

சிரிப்பதா என்று தெரியவில்லை.
"காசைத் திருப்பித் தந்தனான்" என்றேன்.
"தெரியும். அந்தக் கவ்வியை இன்னும் அரைச் சுற்று.
அதுக்குமேல இறுக்கினால் குழாய் வெட்டுப்படும்."

பிறகு உள்ளே போய்
ஒரு தெர்மோஸ்டாட் எடுத்துவந்தாள்.
தை மாதக் குளிரில் எண்ணெய் தேனாய்த் தடித்துவிடுமாம்,
அப்போது கூலருக்குப் போகாமலே திரும்ப வேண்டுமாம்.
"ஆறுறதும் அளவாத்தான் அன்ரி."
பற்றுச்சீட்டில் அதற்கு ஐம்பத்தெட்டு.
நாலு மணித்தியாலம் நூற்றிருபத்தெட்டு.
ஒரு சதமும் குறைக்கவில்லை.

கதவைத் திறந்து விடும்போது கேட்டாள்:
"அந்தச் சிம்மாசனம் இப்பவும் இருக்கோ?"
"இருக்கு. வேணுமோ பிள்ளை?"
"இல்லை. சும்மா கேட்டனான்."

அடுத்த சனி அதே ஏற்றம், அதே பாரம்.
எண்ணெய் தொண்ணூறு பாகையில் அசையாமல் நின்றது.
நுஃபெனனில் எந்தப் பசுவும் தலை தூக்கவில்லை.

பெலின்சோனாவில் முதலில் அவனைத்தான் தேடினேன்.
வாசலுக்கு மேலே, பச்சையாய்.
யானைத் தலை ஒன்றைத் தூக்கி
அவன் முன்னால் வைத்தேன்.
மண்டபக்காரர் ஓடிவந்தார்:
தீயணைப்புச் சட்டம், மறைக்கக் கூடாது.

எடுத்தேன்.
அவன் ஓடிக்கொண்டேயிருந்தான்.